பின்வரிசையில் நிற்கும் இடி

இசைக்குழுவில் அநேகமாக எல்லோரும் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். தட்டுக்காரன் நின்றுகொண்டு வேலை பார்ப்பான். இசையை நடத்துகிறவரும் நிற்கத்தான் செய்கிறார், ஆனால் அவர் முன்னால் நிற்கிறார், கையில் கோல் இருக்கிறது, யாரும் ஏனென்று கேட்பதில்லை. இவன் கடைசி வரிசையில், சுவருக்கு முதுகைக் கொடுத்தபடி நிற்பான். அவனுக்கு முன்னால் சிம்பல் என்று சொல்லப்படும் இரண்டு பெரிய வெண்கலத் தட்டுகள் இருக்கும். ஜால்ராவுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு நீள இசையில் அவனுக்கு ஒரே ஓர் அடி கிடைக்கும். நல்ல நாளாக இருந்தால் இரண்டு. மற்ற நேரமெல்லாம் மனதுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். எண்ணிக்கை பிசகினால் போயிற்று. எல்லோரும் தாலாட்டு மாதிரி இறங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இவன் ஒருவன் வானத்தைப் பிளந்துவிடுவான். இத்தனை வருடத்தில் அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான். ஆனால் ஒருவன் தப்பாக அடிக்கவில்லை என்பதற்காக யார் எழுந்து நின்று கைதட்டப் போகிறார்கள்?

"தம்பி, எங்களுக்கெல்லாம் வாசிக்கிறதுக்குச் சம்பளம். உனக்கு மட்டும் வாசிக்காம இருக்கறதுக்குச் சம்பளம். குடுத்து வெச்சவன்யா நீ" என்பார் பஸூன் வாசிக்கிற அண்ணன். பஸூன் என்பது ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும் ஒரு மரக்குழல். அதை வாசிக்கிறவர் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார். தட்டுக்காரன் இதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ஆள். பசித்தால் சாப்பிடுவான், படுத்தால் தூங்குவான், வேலை பிடித்திருக்கிறது, பெண்டாட்டி பிடித்திருக்கிறது. கேலியெல்லாம் அவன் தோலில் ஒட்டியதே இல்லை, ஐந்து வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அந்தக் கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

மகளை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு வாண்டு பையைக் கழற்றாமலேயே சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நீ சேட்டை பண்ணினியா?"

"எங்கே?"

"டிவியில. டீச்சர் பெரிய டிவியில உங்க கச்சேரியப் போட்டாங்க. பின்னாடி நிக்கிறாரே, அதுதான் எங்க அப்பான்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ நின்னுகிட்டே இருந்த. நின்னுகிட்டே இருந்த. அப்புறம் மணி அடிச்சிடுச்சு, டீச்சர் நிறுத்திட்டாங்க."

தட்டுக்காரனுக்கு எந்தப் பதிவு என்று புரிந்துவிட்டது. அதில் அவனுடைய அடி கடைசியில்தான் வரும்.

"பல் விழுந்தவன் இருக்கான்ல, அவன் கேட்டான், 'உங்க அப்பாவை ஏன் நிக்க வெச்சிருக்காங்க, வீட்டுப்பாடம் எழுதலையா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

வாண்டுவின் வகுப்பில் சேட்டை செய்கிற பிள்ளைகளைப் பின்னால் பொம்மை அலமாரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வைப்பார்கள். பல் விழுந்தவன் அந்த இடத்தில் அடிக்கடி நின்று அனுபவப்பட்டவன். அவன் கணக்குப்படி பின்னால் நிற்கிற எவனும் ஏதோ செய்துவிட்டுத்தான் நிற்கிறான்.

"அதெல்லாம் இல்லடா கண்ணு. அப்பா அங்க வேலை பார்க்கறேன்."

வாண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நிஜமா சொல்லு. நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

அதுதான் அவனைக் குத்தியது. ஊரே கிண்டல் செய்யட்டும், கவலையில்லை. பெற்ற மகள் தன்னைக் குற்றவாளி என்று முடிவுகட்டி, அதற்கு மேல் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றவும் துணிந்துவிட்டாள். அந்த அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நல்லவேளையாக ஒரு வழி இருந்தது. இசைக்குழுவிலிருந்து ஐந்தாறு பேர் மாதம் ஒரு மழலையர் பள்ளிக்குப் போய், கதை சொல்லி வாத்தியங்களை அறிமுகம் செய்துவைப்பார்கள். கதையில் ஒவ்வொரு வாத்தியமும் ஒரு பாத்திரம். கதையைக் கட்டுவதும் சொல்வதும் தட்டுக்காரனின் மனைவி. மற்ற நாட்களில் அவள் இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். அந்த ஒரு நாள் மட்டும் கிளாரினெட்டை உறையில் போட்டுவிட்டுக் கதைக்காரி ஆகிவிடுவாள். அடுத்த மாதம் வாண்டுவின் பள்ளிக்கூடத்தின் முறை. அந்த வகுப்பின் முன்னால், பல் விழுந்தவன் பார்க்க, தன் மகள் பார்க்க, ஓர் இடி இடித்துக் காட்டிவிட்டால் போதும். அதற்கப்புறம் எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

ஆனால் ஒன்று என்பது அவனுக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெல்ல ஆரம்பித்தான்.

"இந்தத் தடவை எனக்கு இன்னும் ரெண்டு அடி சேர்த்துக் குடேன்."

"தாராளமா. முதுகைக் காட்டுங்க" என்றாள் மனைவி.

"விளையாடாத. நான் கதையில கேக்கறேன்."

"கதையில நீங்க இடி. ஒரு தடவை இடிச்சாத்தான் அது இடி. நாலு தடவை இடிச்சா பக்கத்து வீட்டுல கட்டட வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அவன் விஷயத்தைச் சொன்னான். வீட்டுப்பாடம், அலமாரி, பல் விழுந்தவன், எல்லாவற்றையும் சொன்னான். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று மகள் கொடுத்த வாக்கையும் சொன்னான். மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி, உட்காருங்க. கதையைக் கேளுங்க. ஒரு பறவை கூடு கட்ட எடம் தேடுது. சேவல் விரட்டுது. ஆமை வழி சொல்லுது. மரம் எடம் குடுக்குது. காத்து வீசுது. நான் குழந்தைங்ககிட்ட 'இடி இடிக்கட்டுமா'ன்னு கேக்கறேன். எல்லாம் 'இடிக்கட்டும்'னு கத்தும். நீங்க ஒண்ணு போடறீங்க. மழை வருது, கதை முடிஞ்சுது. இதுல எங்க இன்னொரு இடியச் சொருகறது?"

கதையை நடுநடுவே நிறுத்தி இப்படிக் கேட்பது அவளுடைய பாணி. பறவை இந்தப் பக்கம் போகட்டுமா, அந்தப் பக்கம் போகட்டுமா? சேவல் கோபக்காரனா, கோமாளியா? குழந்தைகள் எதைச் சொல்கிறார்களோ அதுதான் கதை. வாசிக்கிறவர்கள் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். அவர்களைக் கேட்டுவிட்டு நம் இஷ்டத்துக்கு நடத்தினால் மறுபடி கேட்கும்போது ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காது என்பது அவள் கட்சி. அதில் கணவன் என்றும் பார்க்க மாட்டாள், கடவுள் என்றும் பார்க்க மாட்டாள்.

தட்டுக்காரன் யோசித்தான். எண்ணிக்கை கூடாது என்றால் இருக்கிற ஒன்றின் மதிப்பையாவது கூட்ட வேண்டும்.

"ஒண்ணு பண்ணு. வெறும் பறவைன்னா இடி இடிச்சா பறந்து போயிடும், அவ்வளவுதான். கூட்டுல ஒரு குஞ்சு இருக்கட்டும். இப்பதான் முட்டையிலேருந்து வந்த குஞ்சு. எறகு முளைக்கல. அம்மா எரை தேடப் போயிருக்கு. அந்த நேரம் பார்த்து இடி வந்தா எப்படி இருக்கும்? எல்லாக் கண்ணும் என் மேலதான் இருக்கும்!"

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அட, இவ்வளவு நாளா அந்த மண்டைக்குள்ள சரக்கு இருந்திருக்கே."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவன் அந்த நேரத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருப்பான் என்று தெரிய வேண்டுமானால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாத்திரங்களையெல்லாம் அவனே கழுவிக் கவிழ்த்தான்.

ஒத்திகையில் அந்தக் குஞ்சுக்கு உயிர் வந்தது. பறவை வேஷம் புல்லாங்குழல் வாசிக்கிற பெண்ணுக்கு. குழுவிலேயே வயதில் சின்னவள், எதைக் கொடுத்தாலும் முழு மனதாகச் செய்கிறவள். அவள் வெள்ளிக் குழலின் தலைப்பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்தாள். ஒரு முனையில் ஊதிக்கொண்டே மறுமுனையை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தாள். கீச் கீச்சென்று ஒரு குரல் வந்தது பாருங்கள், டிரம்பெட் வாசிக்கிற தடியனே "ஐயோ பாவம்" என்றான்.

பஸூன் அண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "ஏம்மா, பிள்ளைங்க 'இடி வேண்டாம்'னு சொல்லிட்டா என்ன வாசிக்கறது? அதுக்கு ஒண்ணும் தயார் பண்ணலையே?"

"எந்தக் குழந்தைண்ணா இடி வேண்டாம்னு சொல்லும்? இத்தனை பள்ளிக்கூடம் போயிருக்கோமே, ஒண்ணாவது சொல்லியிருக்கா? நாம கேக்கறதுக்கு முன்னாடியே காதைப் பொத்திகிட்டு 'இடி இடி'ன்னு குதிக்கும்" என்றாள் கதைக்காரி.

அது உண்மைதான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு வழி வைத்துக்கொள்கிறவர்கள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒரே வழி வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வகுப்பறை சின்னது. வாசலில் உள்ளங்கை அளவுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. சுவரில் குறுக்கே கட்டிய கயிற்றில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கின. நடுவில் ரப்பர் விரிப்பு, அதில் பிள்ளைகள். வாத்தியக்காரர்களுக்கும் அதே குட்டி நாற்காலிகள்தான் கிடைத்தன. முழங்கால் தாடையைத் தொட எல்லோரும் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கிற அம்மாவுக்கு மட்டும் டீச்சர் தன் நாற்காலியைக் கொடுத்திருந்தார். தட்டுக்காரனுக்கு நிற்கிற இடம் எது என்று கேட்க வேண்டுமா? பின்னால், பொம்மை அலமாரிக்குப் பக்கத்தில், பிள்ளைகளை நிற்க வைக்கிற அதே இடம்.

பல் விழுந்தவன் திரும்பிப் பார்த்தான். ஈறு தெரியச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான். வாண்டு திரும்பவே இல்லை. முதுகை நிமிர்த்தி, மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே அவன் தட்டுகளின் தோல் பிடிகளை மூன்றாவது தடவையாக இழுத்துச் சரிபார்த்தான். இத்தனை மேடை ஏறியவன், அரங்கம் நிறையப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்க அசையாமல் நின்றவன், இருபது பொடிசுகளுக்குப் பயந்துகொண்டிருந்தான்.

கதை ஆரம்பித்தது. வெள்ளிக் குழலில் பறவை பறந்து வந்தது. டிரம்பெட்டில் சேவல் கூவியது. சேவல் கோமாளியாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னதால் தடியன் குரலை உடைத்து உடைத்துக் கூவினான். கூவி முடித்ததும் வழக்கம்போல டிரம்பெட்டின் அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, உள்ளே தேங்கியிருந்த ஈரத்தைத் தரையில் விட்டான்.

"சேவல் உச்சா போகுது!" என்று ஒரு குரல் வீறிட்டது. அவ்வளவுதான். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் வேறு எந்த வாத்தியத்தை மறந்தாலும் டிரம்பெட்டை மறக்க மாட்டார்கள்.

பஸூன் ஆமையாக நடந்தது. "இது ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுது?" என்று ஒருத்தி கேட்டாள். "குரல் அவ்வளவு தூரம் குழாய்க்குள்ள நடந்து வரணும்ல, அதான்" என்றார் அண்ணன். செல்லோ மரம் ஆயிற்று. மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள் கதைக்காரி. நாலைந்து பேர் போய் அதன் பலகையில் உள்ளங்கையை வைத்தார்கள். வில் கம்பியில் இறங்கியதும் அதிர்வு கைவழியே ஏற, வாயைப் பிளந்தார்கள்.

அப்புறம் குஞ்சு வந்தது.

குழல் வாசிக்கிற பெண் தலைப்பகுதியைக் கழற்றி ஒருமுறை கீச்சென்று ஊதினாள். விரிப்பில் இருந்த அத்தனை முகமும் ஒரே மாதிரி மாறியது. குஞ்சுக்கு இறகு இல்லை என்று கதைக்காரி சொன்னாள். அம்மா இரை தேடப் போயிருக்கிறது என்று சொன்னாள். வயலினில் காற்று கிளம்பியது. செல்லோ மரம் ஆடியது. தட்டுக்காரன் தோல் பிடிகளுக்குள் கைகளை நுழைத்து, தட்டுகளை எடுத்து மெல்ல உயர்த்தினான். ஜன்னல் வெளிச்சம் பட்டு வெண்கலம் மின்னியது. அவன் ஆசைப்பட்டபடியே எல்லாக் கண்ணும் அவன் மேல் இருந்தன. வாண்டுகூடத் திரும்பிவிட்டாள்.

"வானம் கறுத்துப்போச்சு" என்றாள் கதைக்காரி ரகசியக் குரலில். "இடி இடிக்கட்டுமா?"

யாரும் கத்தவில்லை. யாரும் காதைப் பொத்தவில்லை. முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணுக்கு உதடு பிதுங்கியது.

"வேண்டாம். குஞ்சு பயந்துடும்."

"ஆமா, வேண்டாம்" என்றான் இன்னொருவன்.

"வேண்டாம்! வேண்டாம்!" வகுப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது. பல் விழுந்தவன் காற்றுப் போகிற வாயால் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான். நடுவில் ஒருத்தி முழங்காலிட்டு எழும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள். அது வாண்டு.

யார் பார்க்க வேண்டும் என்று தட்டுக்காரன் ஒரு மாதமாகக் காத்திருந்தானோ அவளே கையை ஆட்டித் தடுக்கிறாள். வலித்தது, பொய் சொல்வானேன். குஞ்சைக் கொண்டுவந்து கூட்டில் வைத்த தன் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு சின்ன இடி..." என்று இழுத்தாள். அவனுக்காகத் தன் விதியை அவள் உடைக்கப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. இரட்டைச் சடைக்காரியின் கண்ணில் நீர் முட்டி நின்றது. கேட்டுவிட்டு ஏமாற்றுகிற பெரியவர்களை அந்தக் குழந்தைக்கு அன்றைக்கு அவன் அறிமுகம் செய்துவைக்க வேண்டுமா?

அவன் மனைவியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் குரல் தெளிந்தது. "சரி. இடி கேட்டுகிச்சு. திரும்பிப் போயிடறேன்னு சொல்லுது. ஆனா இவ்வளவு பெரிய இடியால சத்தம் போடாமப் போக முடியுமா? போன்னு விட்டா வழியெல்லாம் டமால் டுமீல்னு இடிச்சுகிட்டுல்ல போகும்? பார்ப்போம்."

இருபது விரல்கள் இருபது உதடுகளுக்குப் போயின.

பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் தட்டுகளை அடிப்பதைவிட அடிக்காமல் இருப்பதுதான் வித்தை. காற்று பட்டால்கூட முனகுகிற வெண்கலம் அது. இரண்டு விளிம்பும் ஒரு நூல் அளவு உரசினால் போதும், அறை முழுக்க ஓடும். மேடையில் அவற்றை இறக்கி வைக்க மெத்தை கட்டிய தாங்கி ஒன்று உண்டு. வேனில் இடமில்லை என்று அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இங்கே கீழே இருப்பது வழவழவென்று பளிங்குத் தரை.

அவன் தட்டுகளை மெல்ல மெல்லப் பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாக இறக்கினான். முழங்காலை மடித்தான். மூட்டு ஒன்று சொடுக்கிட்டது. "ஷ்ஷ்!" என்றான் பல் விழுந்தவன். தட்டுக்காரன் அப்படியே உறைந்து, மன்னிப்புக் கேட்பது போல அவனைப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கினான். தரையில் உட்கார்ந்து ஒரு தட்டைத் தொடையில் சாய்த்தான். கையைத் தோல் பிடியிலிருந்து விரல் விரலாக உருவினான். பஸூன் அண்ணன் எதுவும் பேசாமல் தன் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்தார். அந்த மனிதர் பேசாமல் ஒரு காரியம் செய்து யாரும் பார்த்ததில்லை. முதல் தட்டு கோட்டின் மேல் இறங்கியது. முதலில் ஓரம், பிறகு நடு, பிறகு மறு ஓரம். சத்தமில்லை. இரண்டாவது தட்டு. அதை எங்கே வைப்பது? முதல் தட்டின் மேல் வைத்தால் கிணுங்கும். கோட்டின் கையை இழுத்து நடுவே மடித்துப் போட்டு, அதன் மேல் இறக்கினான். ஓரம். நடு. மறு ஓரம். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

வகுப்பில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைசி விரல் வெளியே வந்ததும் அவன் இரண்டு வெறுங்கைகளையும் தூக்கிக் காட்டினான்.

குழலிலிருந்து குஞ்சு கீச்சென்றது, நிம்மதியாக. அப்புறம் அந்த அறையில் எழுந்த கூச்சல் இருக்கிறதே, அசல் இடி தோற்றுப்போயிருக்கும். வயலின் வாசிக்கிறவன் சமயோசிதமாக வில்லை வைத்துவிட்டுக் கம்பிகளை விரலால் சுண்டினான். இடி இல்லாத மழை சொட்டுச் சொட்டாக விழ, கதை நல்லபடியாக முடிந்தது.

கதைக்குப் பிறகு பிள்ளைகள் எந்த வாத்தியத்திடம் வேண்டுமானாலும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். எல்லாப் பள்ளியிலும் டிரம்பெட்டுக்குத்தான் கூட்டம் அம்மும். அன்று தட்டுக்காரன் முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒருவரும் அடிக்க வரவில்லை. எல்லோருக்கும் சத்தம் வராமல் இறக்கி வைக்க வேண்டும். அவன் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள, ஒவ்வொன்றும் நாக்கைக் கடித்துக்கொண்டு வெண்கலத்தைக் கோட்டின் மேல் இறக்கியது. கிணுங்கிவிட்டால் வரிசையே சேர்ந்து "ஷ்ஷ்!" என்றது. பல் விழுந்தவன் மூன்று முறை வந்தான். மூன்றாவது முறை பொட்டுச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டு, தன் வெறுங்கைகளைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினான்.

டீச்சர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "சார், இந்த வகுப்பு இவ்வளவு நேரம் வாய மூடி நான் பார்த்ததே இல்ல. இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடறீங்களா?"

அவன் சிரித்தான். மனசு முக்கால்வாசி ஆறிவிட்டது. மீதிக் கால்வாசி வாண்டு எங்கே என்று தேடியது. அவள் வரிசையில் இல்லை. அறையின் மறு கோடியில் குழல் வாசிக்கிற பெண்ணின் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் குனிந்து கேட்டாள், யோசித்தாள், தலையை ஆட்டினாள். பிறகு குழலை முழுசாகப் பூட்டி, கீழிருந்து மேலே போகும் ஒரு சின்ன ஓட்டம் வாசித்தாள். ஒலி கூரையை நோக்கி ஏறி, மெலிந்து, காணாமல் போயிற்று.

வாண்டு அதைக் கடைசி வரை கேட்டுவிட்டு விடுவிடுவென்று வந்தாள். வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் நின்றாள்.

"ஏய், வரிசையில வா" என்றான் பல் விழுந்தவன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்பா, குஞ்சுக்கு எறகு முளைச்சிடுச்சாம். அம்மாகூட பறந்து போயிடுச்சு. அந்த அக்காகிட்ட நான் கேட்டுட்டேன். இப்ப அடி."

"நீதானேடா வேண்டாம்னு கைய ஆட்டின?"

"அவங்கதான் வேண்டாம்னு சொன்னாங்க. நான் 'இப்ப வேண்டாம்'னுதான் சொன்னேன்." இதுகூடத் தெரியவில்லையா என்பது போல அவள் இடுப்பில் கை வைத்தாள். "கூட்டுல இப்ப யாரும் இல்ல. எழுந்திரு."

அவன் எழுந்தான். தோல் பிடிகளுக்குள் கை போயிற்று. மனைவியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள், கண் நிறைந்திருந்தது. டீச்சர் அலமாரிக் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டார். வரிசை கலைந்து பின்னால் நகர்ந்தது. நடத்துகிறவர் இல்லை, எண்ணவும் எதுவும் இல்லை. மகள் கையைத் தூக்கினாள். அவள் கை இறங்கியபோது அவன் அடித்தான்.

சுவரில் படங்கள் நடுங்கின. இரட்டைச் சடைக்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குதித்தாள். பல் விழுந்தவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மேடையாக இருந்தால் இந்நேரம் தட்டுகளை நெஞ்சோடு அணைத்து ஒலியை நிறுத்தியிருப்பான். இன்று நிறுத்தவில்லை. கைகளை விரித்து, தட்டுகளை உயரப் பிடித்து, அது போகிற தூரம் போகட்டும் என்று விட்டான். வாண்டுவின் முகத்தைத் தேடினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டி, அவன் காலோடு ஒட்டி நின்று, வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலி மெல்ல அடங்கியது. பிறகு பிரளயம்.

"இன்னொரு தடவை! அங்கிள், இன்னொரு தடவை!"

இரண்டு அடி கூடுதலாகக் கேட்டு இரவில் கெஞ்சியவன்தானே, கை தானாக மேலே போயிற்று. யாரோ அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தான்.

"போதும்பா" என்றாள் வாண்டு, வகுப்பின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இவங்களுக்கு இது போதும்."